வெங்காயம் வைத்த கேபினெட்

"கடைச் சாவியை இன்னைக்கே எங்க அண்ணன்கிட்ட கொடுத்துடுங்க. நீங்க சும்மா அவர்கூட இருந்தாப் போதும்" என்றாள் மனைவி.

கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்கிற கடை அவருடையது. நேற்று ஒரு ஏஜென்ட் வந்திருந்தார். இனிமேல் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற மதர்போர்டில் வயர் சொருகுகிற இடமெல்லாம் பின்பக்கம் போய்விடும், பழைய அமைப்பு செல்லாது, அதற்கேற்ற வெளிப்பெட்டியை, அதுதான் கேபினெட்டை, இப்போதே வாங்கிப் போடுங்கள் என்று ஆசை காட்டினார். இவரும், சாம்பிளுக்கு ஒன்று அனுப்புங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அதைக் கேட்டதும்தான் அவள் சாவிப் பேச்சை எடுத்தாள். சும்மா இல்லை, ஏற்கெனவே பட்டவள்.

பல வருடங்களுக்கு முன்னாலும் இப்படித்தான், புது வடிவத்தில் மதர்போர்டு வருகிறது, பழசு ஒழிந்தது என்று கடைத்தெருவெல்லாம் ஒரே பேச்சு. கடை வாசலில் லாரி நிறையப் புது கேபினெட் வந்து இறங்கியது. புது போர்டோ வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. பழைய போர்டையாவது மாட்டலாம் என்றால் திருகு ஓட்டைகள் பொருந்தித் தொலையவில்லை. கடையைக் காப்பாற்ற அவள் நகையெல்லாம் போனது.

அன்று கணவர் வீட்டுக்கு வந்து தலைகுனிந்து சொன்னார். "உங்க அண்ணன் வேண்டாம்னுதான் சொன்னார். நான்தான் கேட்கலை."

அண்ணன் அப்போது கடையில் பங்குதாரர். பிறகு விலகி, தனியாகப் பிரின்டர் கடை போட்டு நன்றாக வந்துவிட்டார்.

அன்றிலிருந்து வீட்டில் கணவருக்குப் பெயர் 'புது மாடல்'. விற்காத கேபினெட்டில் ஒன்றைச் சமையலறையில் வைத்து வெங்காயம் போட்டிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், எங்க வீட்டுக்காரர் வாங்கின கம்ப்யூட்டர் என்று காட்டுவாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பார்.

இன்று அவர் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

போன் போட்டதும் அண்ணன் வந்தார். அவள் சாவியை நீட்டினாள்.

"நீயே பார்த்துக்கோண்ணா. உன் முன்யோசனையில கால்வாசிகூட அவருக்குக் கிடையாது."

அண்ணன் வாங்கவில்லை. வெங்காயப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதை இன்னுமா வெச்சிருக்கே?"

"பார்க்கும்போதெல்லாம் அவருக்குப் புத்தி வரட்டும்னுதான்."

"அதை ஆர்டர் பண்ணினது நான்மா" என்றார் அண்ணன். "மாப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கலை. லாரி வந்து நின்னப்புறம்தான் அவருக்கே தெரியும்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகு ஏன் அவர் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டார் என்று கேட்டாள்.

"உண்மையை உன்கிட்ட சொல்லிடறேன்னுதான் கிளம்பினேன். அவர் விடலை. 'அவளுக்குப் பிறந்த வீடுன்னு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நகை போன கோபத்துல உங்களை வெறுத்துட்டா, அவளுக்குன்னு யாருமில்லாமப் போயிடும். என்மேல கோபம்னா ரெண்டு நாள்ல மறந்துடுவா'ன்னார். எனக்கும் அது சௌகரியமா இருந்தது. வாயை மூடிக்கிட்டேன்."

நீட்டிய சாவி அவள் கையிலேயே இருந்தது.

இரண்டு நாளில் மறந்துவிடுவாள் என்று நம்பியிருக்கிறார். இத்தனை வருடத்தில் அவள் அவரை ஒரு நாள்கூட மறக்க விட்டதில்லை.