கணக்கில்லாத லீவு

“இன்னிக்கும் லீவா?”

மகன் சோபாவில் மல்லாந்து படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமாம்மா.”

“உடம்புக்கு ஏதாவது?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“எங்கேயாவது போகணுமா?”

“இல்லை.”

அம்மாவின் கவலை அம்மாவுக்கு. போன மாதம்தான் அவன் ஆபீசில் ஆட்களைக் குறைத்தார்கள். மருமகளுக்கு இது ஏழாவது மாதம். இந்த நேரத்தில் வாரம் தவறாமல் ஒரு நாள் இப்படி வீட்டில் கிடந்தால்?

“என்ன சொல்லி லீவு போட்டே?”

“சும்மா வீட்ல இருக்கப் போறேன்னு எழுதினேன்.”

“வயித்து வலின்னு எழுதினா உன் கை தேஞ்சா போயிடும்?”

“எங்க கம்பெனியில லீவுக்குக் கணக்கே கிடையாதும்மா. வேணுங்கிறப்போ எடுத்துக்கலாம். வேலைக்குச் சேர்க்கும்போதே பெருமையா சொன்னாங்க.”

“விருந்துக்குக் கூப்பிடுறவங்ககூடத்தான் கூச்சப்படாம சாப்பிடுங்கன்னு சொல்வாங்க. அதுக்காக அண்டாவையே கவிழ்க்கிறதா? உங்கப்பா நீ பிறந்தப்பவே அரை நாள்தான் லீவு போட்டார்.”

“அதைத்தான் இன்னும் சொல்லிக் காட்டிட்டு இருக்கியே.”

அம்மா வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. மேலதிகாரி. அவர் குரல் பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது.

“தம்பி, நீங்க செய்யறது தப்புன்னு சொல்லலை. ஆனா அடுத்த தடவை ஆளைக் குறைக்கும்போது முதல்ல கண்ணுல படறது காலி நாற்காலிதான். பார்த்துக்கோங்க.”

“புரியுது சார்.”

அம்மா சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“கேட்டியா? உனக்குக் கீழ அத்தனை பேர் வேலை பார்க்கிறாங்க. ஒருத்தராவது இப்படி லீவு போடறாங்களா?”

“ஒருத்தர்கூட இல்லை. அதுல ஒரு பொண்ணு, குழந்தையை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, கட்டில் பக்கத்துல உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டிட்டு இருந்தா.”

“பாரு, அவளுக்கு இருக்கிற பொறுப்பு. நீயும் இருக்கியே.”

அவன் மறுபடி மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தான்.

சாயங்காலம் போனில் ஏதோ செய்தி வந்தது. படித்தவன் சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

“என்னடா, வேலை போயிடுச்சா?”

“இல்லம்மா. அந்தப் பொண்ணுதான். குழந்தைக்குத் திரும்பவும் காய்ச்சலாம். நாளைக்கு லீவுன்னு எழுதியிருக்கா.”

அவன் முகம் தெளிந்திருந்தது. அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்னா உனக்கு என்னடா இத்தனை சந்தோஷம்?”

“மேல இருக்கிறவன் சும்மா படுத்துக்கவே லீவு எடுத்தாத்தான்மா, கீழ இருக்கிறவங்க காய்ச்சலுக்காவது எடுப்பாங்க.”