அரை ஸ்பூன் ஈஸ்ட்

ஈரத்துணியை விலக்கிப் பார்த்தவளுக்குத் திக்கென்றது.

மாவு கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி உப்பியிருந்தது. விரலால் தொட்டதும் குழிந்து, மெதுவாக மேலே வந்தது. புளிப்பும் இனிப்பும் கலந்த வாசம் மூக்கில் ஏறியது.

மணி நான்குகூட ஆகவில்லை.

இப்படி உப்பக் கூடாது. மூன்று கப் மாவுக்கு இரண்டு ஸ்பூன் ஈஸ்ட் போட வேண்டிய இடத்தில் அவள் அரை ஸ்பூன்தான் போட்டிருந்தாள். அதுவும் ஃப்ரிட்ஜிலிருந்து அப்படியே எடுத்த பாலில். அவள் போட்ட கணக்குப்படி இந்த மாவு பொங்கி வரவே ஏழு மணியாகும். உருட்டி வைத்து, மறுபடி உப்பவிட்டு, ரோல்களைச் சுட்டு எடுக்க ஒன்பது.

ஆறு மணிக்கு மகளை அழைத்துப் போக அவளுடைய அப்பா வந்துவிடுவார்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, காலை பத்திலிருந்து மாலை ஆறுவரை. கோர்ட்டில் எழுதிக் கொடுத்த நேரம் அவ்வளவுதான்.

ஆனால் அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. தொடங்கிய வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்திருக்க மகளை விடமாட்டார். வீட்டுப்பாடமானாலும் சரி, படம் வரைவதானாலும் சரி. சேர்ந்திருந்த காலத்தில் இதற்காகவே அவரோடு மல்லுக்கு நின்றவள், இப்போது அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

போன மாதம் கேக். பேக்கிங் பவுடரை மறந்ததுபோல விட்டுவிட்டாள். கல்லாக வந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது கேக் வெந்து முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. வாசலில் காருக்குள் உட்கார்ந்து அலுத்துப்போனவர், காலையில் வந்து கூட்டிப்போகிறேன் என்று கிளம்பினார்.

ஒன்பது வயது மகள் அன்று தூக்கத்தில் அவள்மேல் காலைத் தூக்கிப் போட்டாள். அந்தக் காலின் கனத்தை நினைத்து நினைத்தே அவள் ஒரு மாதத்தை ஓட்டியிருந்தாள்.

இன்றைக்கும் அந்த ஒரு ராத்திரிக்காகத்தான் இத்தனையும்.

மகளும் எவ்வளவு ஆசையாக இருந்தாள். பாலில் ஈஸ்ட்டைக் கலந்து வைத்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. மாடியில் காயப்போட்டிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு இவள் திரும்புவதற்குள், மகள் மாவில் பாலை ஊற்றிப் பிசையத் தொடங்கியிருந்தாள். நீ தொடவே கூடாது, இது என் மாவு என்றாள். கை வலிக்கும் என்று சொல்லியும் விடவில்லை. திரண்ட மாவைப் பளாரென்று தட்டி, இது அப்பாவோட தொப்பை என்றாள். இவள் தேவைக்கு மேலேயே சிரித்தாள்.

இப்போது மகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

கையை மூடி, உப்பிய மாவை ஒரே குத்தில் அமுக்கினாள். ஒரு துண்டைக் கிள்ளி, உள்ளங்கையைக் கவிழ்த்து மேடையில் வைத்தே வட்டமாக உருட்டினாள். பழகிய கை. அப்பா வீட்டில் சித்தி ஞாயிற்றுக்கிழமைதோறும் செய்வாள் என்றும், உருட்டுவது எப்போதும் தான்தான் என்றும் சொன்னாள்.

தட்டில் ஒரு வரிசை நிறைந்தது. பிறகு தலை நிமிராமலே சொன்னாள்.

"நீ ஈஸ்ட்டு கம்மியா போட்டுட்டேம்மா. நீ மாடிக்குப் போனப்போ நான் இன்னும் ரெண்டு ஸ்பூன் போட்டு, பாலையும் லேசா சூடு பண்ணிட்டேன்."

அளவு தப்பிவிட்டது போலிருக்கிறது என்றாள் இவள். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

மகள் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டி அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டாள்.

"அப்பாகிட்ட சொல்ல மாட்டேன். கேக் விஷயத்தையும் சொல்லல. ஆனா இங்க எனக்குத் தூக்கமே வராதும்மா. அன்னிக்கு நீ வேற முழிச்சு முழிச்சு என்னையே பாத்துட்டிருந்தியா, பாவமா இருந்துச்சு. அதான் மேல கால் போட்டேன்."

இவள் திரும்பிக்கொண்டு ஓவனின் குமிழைத் திருப்பினாள். உள்ளே விளக்கு எரிந்தது.

ஐந்து மணிக்கெல்லாம் வெந்துவிடும் இல்லையா என்று பின்னாலிருந்து மகள் கேட்டாள். அப்படியென்றால் அப்பாவை ஐந்துக்கே வரச் சொல்லிவிடலாம் என்றாள். ஆனால் கை முழுக்க மாவு.

இவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, மகளின் காதருகே பிடித்துக்கொண்டு நின்றாள்.

மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. மகள் அதற்குள் இன்னொரு உருண்டையை உருட்டி முடித்தாள்.