அடக்கப் பூசையில் ஒரு விளம்பரம்

"அடக்கப் பூசை நடுவுல மிக்ஸி கடை விளம்பரமா? இன்னாடா ரெனிஷ் இது?" என்று கத்தினான் ஹேமநாதன்.

வானகரத்தில் இருவரும் சேர்ந்து நடத்தும் இணைய வானொலி அது. நேரலையில் பேச்சு நின்றால், அந்தந்தப் பகுதிக் கடைக்காரர்கள் அனுப்பிய விளம்பரத்தைத் தானாகவே போடும் சாஃப்ட்வேரை ரெனிஷ் அன்றுதான் ஓடவிட்டிருந்தான். இறந்துபோன கிறிஸ்துதாஸின் அடக்கப் பூசையைக் காட்டுப்பாக்கம் மாதா கோயிலிலிருந்து நேரலையில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே எல்லோரும் அவருக்காக மௌனமாக ஜெபித்தபோது, வானொலியில் ஒரு கரகரத்த குரல் உற்சாகமாகக் கூவிவிட்டது.

"மிக்ஸி ஓடலையா? கவலைய வுடு, நான் கீறேன்ல!"

"கடைக்காரங்களே பேசி அனுப்புறாங்க மச்சான்."

"நீ ஒரு வாட்டி கேட்டுப் பாத்திருக்கலாம்ல?"

"ஆள் கேக்க வேணாம்னுதானே சாஃப்ட்வேரே போட்டோம்?"

"இனிமே எந்தக் கோயில்லயும் நம்மள உள்ள வுட மாட்டாங்க."

போன் அடித்தது. கிறிஸ்துதாஸின் மனைவி லூர்தம்மாள். ரெனிஷ் ஸ்பீக்கரில் போட்டான்.

"மன்னிச்சிக்கங்கம்மா. அந்த விளம்பரத்த இப்பவே எடுத்துடறோம்."

"எடுத்துடாதப்பா. லீவு கெடைக்காம மஸ்கட்ல கீற என் புள்ள, உங்க ரேடியோலதான் பூசை கேட்டுகினு இருந்தான். ரெண்டு நாளா கல்லு மாதிரி இருந்தவன், இப்பதான் போன் பண்ணி வாய்வுட்டு அழுதான்."

"விளம்பரத்தக் கேட்டுட்டாம்மா அழுதாரு?"

"அது அவுங்கப்பா கொரலுப்பா. கல்லறைக்குக் கெளம்பிட்டோம். மண்ணு போடறதுக்குள்ள இன்னொரு வாட்டி போடுவியா?"