சாப்பாட்டு நேரத்து டவுட்டு

"மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் சார் பிளஸ் வருது?"

கேட்டது யார்? எட்டாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்குகிற பெண். எப்போது? கணக்கு வாத்தியார் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதை நீதானே போன வாரம் பக்கத்துல இருக்கறவளுக்குச் சொல்லிக் குடுத்தே?"

"மறந்து போச்சு சார். நீங்க சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க. நான் உக்காந்திருக்கேன்."

நேற்று அதே வகுப்பு நெட்டையன் பின்னத்தில் சந்தேகம் என்று வந்து நின்றான். முந்தாநாள் வாயாடி வந்து, வட்டத்துக்கு மூலை உண்டா என்று கேட்டாள். கேட்கிற கேள்வியா அது! மூன்று வாரமாக இதே கூத்து. தினம் ஒருத்தர், தினம் ஒரு மக்கு டவுட்டு.

மனைவி தவறி நாலு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அவர் ஆசிரியர்கள் அறைக்குச் சாப்பிடப் போவதில்லை. யாராவது "எப்படி இருக்கீங்க சார்?" என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார். காலி வகுப்பறையில் தனியாக இருக்கலாம் என்று வந்தால், இந்தப் பிள்ளைகள் விட்டால்தானே?

திட்டிக்கொண்டே விளக்கி முடித்தார். மணி அடித்தது. அந்தப் பெண் நோட்டில் அவசரமாக ஏதோ கிறுக்கிவிட்டு, "தேங்க்ஸ் சார்!" என்று விளையாட்டு பீரியடுக்கு ஓடினாள்.

அவர் நேராகத் தலைமை ஆசிரியை அறைக்குப் போனார்.

"மேடம், எட்டாம் வகுப்புக்கு மூளை மழுங்கிட்டு வருது. எல்லாம் அந்த மனநல வகுப்பு பண்ற வேலை. வாரம் ஒரு கணக்கு பீரியடைப் பிடுங்கி அதுக்குக் குடுத்தீங்க. கோபம் வந்தா என்ன பண்றது, துக்கம் வந்தா யார்கிட்ட சொல்றது... இதெல்லாம் ஒரு பாடமா? அதை நிறுத்துங்க. இல்லேன்னா ரிசல்ட்டுக்கு நான் பொறுப்பில்லை."

"பசங்க ஆசையாப் படிக்கிறாங்களே சார்..."

"மைனஸ் பிளஸ்ஸே மறந்து போற அளவுக்கா?"

தலைமை ஆசிரியை பெருமூச்சு விட்டார். "நீங்க சீனியர். நீங்களே சொல்றப்ப நான் என்ன பண்ண? எழுதிக் குடுங்க. அடுத்த வாரத்திலேருந்து நிறுத்திடறேன்."

ஜெயித்த கையோடு வகுப்பறைக்குத் திரும்பினார். மேஜை மேல் அந்தப் பெண்ணின் நோட்டு கிடந்தது.

"டவுட்டு கேக்க வந்தது நோட்டையே மறந்துட்டுப் போயிருக்கு. லட்சணம்தான்!"

புகார் எழுத ஒரு தாள் வேண்டுமே? அதிலேயே கிழிக்கலாம் என்று கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

'மனநல வகுப்பு. எங்க குரூப்போட செய்முறை.

ஒருத்தர் திடீர்னு ஒதுங்கிப் போனா கேள்வி கேட்டுக் குடையக் கூடாது. அறிவுரை சொல்லக் கூடாது. பக்கத்துல போய் இருக்கணும்.

நாங்க தேர்ந்தெடுத்தவர்: கணக்கு சார்.

சும்மா போய் உக்காந்தா சார் விரட்டிடுவார். டவுட்டு கேட்டா விரட்ட மாட்டார்.'

அதற்குக் கீழே, தினம் ஒரு வரியாக, ஆளுக்கொரு கையெழுத்தில். முதல் வரியையும் கடைசிச் சில வரிகளையும் படித்தார்:

'முதல் நாள்: சார் டப்பாவைத் திறக்கவே இல்லை.'

'ரெண்டு வாய் சாப்பிட்டார். வட்டத்துக்கு மூலை கேட்டதுக்கு செம திட்டு.'

'பாதி காலி!'

கடைசி வரி, சற்று முன் அவள் அவசரமாகக் கிறுக்கியது.

'இன்னைக்கு: என்னைத் திட்டிக்கிட்டே முழுசும் சாப்பிட்டுட்டார்.'

அவர் டப்பாவைத் திறந்து பார்த்தார். உண்மைதான். ஒரு பருக்கைகூட இல்லை. எப்போது சாப்பிட்டோம் என்றே அவருக்குத் தெரியவில்லை.

கண் கலங்கிவிட்டது. நல்ல வேளை, வகுப்பில் யாரும் இல்லை.

தாளைக் கிழிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, அந்த வரிக்கு அடியில் எழுதினார்:

'நாளைக்கு யாருக்கு டவுட்டு?'