'அ'வில் இரண்டு இடம்

"புள்ளி புள்ளியா அடுக்கின இந்தப் பழைய எழுத்துருவைத் தூக்கிடுங்க சார். கோட்டால வரைஞ்ச எழுத்துரு போட்டா எவ்வளவு பெருசாக்கினாலும் பிசிறடிக்காது."

கேட்கவே கூடாதென்று பிழைதிருத்தும் அக்கா முதல்நாளே எச்சரித்ததை, அச்சகக் கணினியில் பக்கம் கோக்கும் பெண் கேட்டேவிட்டாள்.

முதலாளி நிமிரவில்லை. "வீட்டுல முதல் பட்டதாரியாச்சே, திமிரு இருக்கத்தானே செய்யும்."

வேறொரு நாளென்றால் வெடித்திருப்பாள். இன்று கோபமே வரவில்லை. நேற்று அப்பா வண்டியிலிருந்து விழுந்துவிட்டார் என்று போன் வந்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை.

திரையில் 'அ'வைப் பெரிதாக்கினாள். சேர்ந்த அன்று அதில் நாற்பது புள்ளிகள். அவள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளும் ஒன்று கூடியது. விடுப்பெடுத்த நாட்களில் கூடவில்லை. யாரும் அதில் கைவைத்துச் சேர்க்கவில்லை. இன்று தொண்ணூற்றெட்டு. படிக்கட்டு மாதிரியிருந்த விளிம்பில் இன்னும் இரண்டே இடம் காலி.

"என்னோட எழுத்து 'க'," என்றாள் அக்கா, தாளிலிருந்து கண்ணெடுக்காமல். "நிறைஞ்சு ஆறு வருஷமாச்சும்மா. அப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல. அழுகைகூட வராது."

வீட்டிலேயே கையால் எழுதிக் கொண்டுவந்திருந்த ராஜினாமாவை அந்தப் பெண் எடுத்து விசைப்பலகைமேல் வைத்தாள்.

"நாளைக்கு வந்துடுவே," என்றார் முதலாளி.

வாசற்படியில் கால்விரல் நன்றாக இடித்தது. வலி வரட்டும் என்று காத்திருந்தபடியே நடந்தாள். திரும்பவில்லை.