மூன்று மணி லாரி

“இனிமே வயோமிங் மலைப்பாதையில சாவு வேற ஊரு பாத்துக்க வேண்டியதுதான்,” என்று அறிவித்தான் லாரிச் சோதனைச்சாவடி ஆய்வாளன் கர்டிஸ். அரசு மானியத்தில் வந்திருந்த கேமரா, ஓடும் லாரியின் எடையையும் பிரேக் சூட்டையும் சொல்லிவிடும்.

கூட வேலைபார்க்கும் லோர்னா வழக்கம்போல அதிகாலை மூன்று மணிக்குக் காலிச் சாலைக்குச் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு டார்ச்சோடு போனாள். போன பனிக்காலத்தில் பிரேக்கைப் பார்க்காமலே கர்டிஸ் அனுப்பிவிட்ட ஓட்டுநர் ஹார்லன், இதே நேரத்தில்தான் லாரியோடு பள்ளத்தில் விழுந்து செத்தான்.

“பேய் லாரிக்கும் பிரேக் பாக்குறியாக்கும்?” என்றான் கர்டிஸ்.

“நீ பாக்கலையேப்பா, அதான்.”

மறுநாள் லோர்னா விடுப்பு. மூன்று மணிக்குத் திரையில் ஹார்லனின் வண்டி எண் வந்தது. எடை பூஜ்யம். பிரேக் கொதிக்கிறது. சாலையில் எதுவுமில்லை. கேமரா பழுது என்று எழுதிவிட்டால் போதும்.

கர்டிஸ் சிவப்பு விளக்கைப் போட்டான். டார்ச்சை எடுத்துப்போய், வெறுஞ்சாலையில் மல்லாந்து படுத்து, முன்சக்கரம் இருக்கவேண்டிய இடத்திலிருந்து ஒவ்வொரு பிரேக்காகப் பார்க்க ஆரம்பித்தான்.