மண்வெட்டி வகுப்பு

“ராஜா, மண்வெட்டிய கீழ வை! யார் மண்டையிலயாவது படப்போவுது!”

சிவசங்கரி பாய்ந்து போய் அந்த பிளாஸ்டிக் மண்வெட்டியைப் பிடுங்கினாள். சாரம் பகுதியில் இருக்கும் அந்த நர்சரிப் பள்ளியில், பத்து நிமிடம் வகுப்பைக் கட்டி மேய்த்துக் காட்டினால்தான் அவளுக்கு வேலை. இதற்கு முன் இரண்டு பள்ளிகளில் ஐந்தாவது நிமிடமே அழுதுவிட்டாள்.

“எல்லாரும் மண்வெட்டி புடிச்ச மாதிரி நில்லுங்க. தூக்கு, குனி, வெட்டு! கைக்கும் இடுப்புக்கும் நல்ல எக்சர்சைஸ்.”

“மிஸ், முட்டி வலிக்குது” என்று செல்வாம்பாளிடமிருந்து சிணுங்கல் வந்தது.

“அப்ப உக்காந்துக்கிட்டு இந்தக் களைக்கொத்தால களை எடு.”

“மிஸ், ராஜா அதையும் புடுங்கிட்டான்!”

“ராஜா! போய் மூலையில நில்லு. நான் சொல்ற வரைக்கும் திரும்பக் கூடாது.”

மணி அடித்தது. பத்து நிமிடம் முடிந்தது. சிவசங்கரி அழவில்லை.

தலைமை ஆசிரியை செல்வாம்பாள் முட்டியைப் பிடித்தபடி எழுந்தார். குழந்தைகளாக நடித்த நேர்காணல் குழுவினர் எல்லோரும் தலையாட்டினார்கள். செல்வாம்பாள் நியமன உத்தரவை மூலைக்கு எடுத்துப் போய், “திரும்புங்க சார், முடிஞ்சிடுச்சி” என்றார்.

“மிஸ் இன்னும் சொல்லலியே!”

திரும்பாமலே, சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார் அறுபத்திரண்டு வயதுத் தாளாளர் ராஜா.